அஜிக் கல்லுக்காக நீ மூடிய தண்ணீர்

நம் கல் ஷெட்டில் எட்டுப் பெஞ்சுகளுக்குப் போகும் தண்ணீரை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தவன் நீதான். முதலாளி இல்லை, மேஸ்திரி இல்லை, கல்லை அனுப்பிய ஜப்பான்காரர்களும் இல்லை. ஷெட்டின் மேற்குச் சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் ஆறாவது வரி, "கையால் அரைக்கும்போது கல் மேல் தண்ணீர் படக் கூடாது" என்கிறது. தாளின் அடியில் உன் கையெழுத்து. திங்கட்கிழமை காலையிலிருந்து எட்டுப் பெண்கள் காய்ந்த கல்லை கிரைண்டரில் அரைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாளை, சனிக்கிழமை, நீ வந்து ஒவ்வொரு கல்லாகப் பார்த்து டிக் போடப்போகிறாய். ஞாயிற்றுக்கிழமை ஜப்பானுக்கு விமானம் ஏறப்போகிறாய்.

இதை உனக்கு மட்டும் எழுதி உறையில் போட்டுக் கொடுத்திருக்கலாம். குயிலாப்பாளையத்தில் நீ வாடகைக்கு எடுத்திருக்கும் அறை வாசலில் இந்த வாரம் இரண்டு முறை நின்றுவிட்டுத் திரும்பினேன். போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறாய். அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உன்னை அவமானப்படுத்துவது என் நோக்கம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் அவமானப்படத்தான் வேண்டும். கல்லை அரைக்கிற வீட்டில் பிறந்து, கல்லைச் சோதிக்கிற வேலைக்குப் போன பிள்ளை நீ ஒருவன் மட்டும் இல்லை. மற்றவர்களும் படிக்கட்டும்.

கல்லிலிருந்தே தொடங்குகிறேன். போன வருஷம் மூன்று மாதப் பயிற்சி முடிந்து நீ ஜப்பானிலிருந்து வந்தபோது உள்ளங்கை அளவில் ஒரு கல்லைக் கொண்டுவந்தாய். தெருவில் எல்லோருக்கும் சாக்லேட், எங்களுக்குக் கல். "கல்லு அரைக்கறவனுக்குக் கல்லையே வாங்கியாந்திருக்கான் பாரு" என்று உன் அப்பா சிரிக்கப் போய் இருமலில் மாட்டிக்கொண்டார். நான் அதைக் கையில் வாங்கி முதலில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். பதினைந்து வருஷம் மெருகு போட்ட விரல் எனக்கு. எந்தக் கல்லிலும் எங்கேயாவது தடுக்கும். அதில் தடுக்கவில்லை. நம் சாம்பல் கல்லில் மணிகள் அரிசி அளவு இருக்கும். அதில் ரவையை விடச் சின்னதாக, வெள்ளையும் சாம்பலும் கறுப்பும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடிக்கச் சொன்னாய். அப்போதுதான் அது தெரிந்தது. மெருகுக்குக் கீழே, ஈரக்கை பட்டு உலர்ந்துகொண்டிருக்கும் இடம்போலத் திட்டுத் திட்டாக ஒரு மங்கல். கல்லைத் திருப்பினால் அந்தத் திட்டுகளும் நகர்ந்தன.

"இதுக்குப் பேரு ஃபு. ரெண்டு அடுக்கா தெரியுதாம்மா? மேல ஒண்ணு, உள்ள ஒண்ணு. அஜிக் கல்லுலதான் இப்பிடி வரும்" என்றாய்.

தெரிந்தது. உப்புப் பாத்தியில் வெயில் ஏறும்போது தண்ணீர் மேல் முதல் ஏடு படியுமே, கீழே சேறும் மேலே ஏடுமாக இரண்டும் ஒன்றாகத் தெரியுமே, அதைப்போல இருந்தது. பன்னிரண்டு வயதிலிருந்து பாத்தியில் நின்றவள் நான். அந்த ஏடு தெரிய ஆரம்பித்தால் தண்ணீரை அசைக்கக் கூடாது என்று எங்களுக்கு அடித்துச் சொல்வார்கள். ஒரு நாட்டில் அந்த அசையாத நேரத்தைக் கல்லாகவே வெட்டி எடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இதை நான் உன்னிடம் சொன்னதில்லை. அதன் அழகு எனக்குப் புரியாது என்று நீ நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இப்போது சொல்கிறேன்.

ஒரு வாரம் நீ அந்தக் கல்லைப் பற்றியே பேசினாய். ஷிகோகு என்று ஒரு தீவு, அதில் கடலை ஒட்டி ஒரு மலை, அந்த மலையின் அடிவாரத்தில் அஜி என்று ஒரு ஊர். மலை முழுக்க வெடிப்பு ஓடியிருப்பதால் தோண்டி எடுப்பதில் பெரும்பகுதி வீணாகிறது, கல்லறைக்கு உதவுகிற கல் கொஞ்சம்தான் தேறும், அதனால்தான் அந்த விலை என்றாய். தண்ணீரை அது குடிப்பதே இல்லை என்றும், எத்தனை தலைமுறை கடல்காற்று அடித்தாலும் வெட்டிய எழுத்தின் ஓரம் மழுங்குவதில்லை என்றும் சொன்னாய். நான் நம் சர்ச் கல்லறையை நினைத்தேன். பத்து மழைக்குள் உப்பேறி உதிரும் சிமென்ட் சிலுவைகள். யாருடைய பெயரும் பேரப்பிள்ளைகள் காலம் வரை தாங்காது. ஏழைகளின் பெயருக்கு அந்த அளவு ஆயுள் போதும் என்று யார் முடிவு செய்தார்கள் என்று அன்றே எனக்கு எரிந்தது.

போனில் வீடியோ காட்டினாய். ஒரு பெரியவர் அஜிக் கல்லின் ஓரத்தைக் கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். நீ அவர் மணிக்கட்டைப் பார்க்கச் சொன்னாய், எவ்வளவு நிதானம் பார் என்றாய். நான் வேறொன்றைப் பார்த்தேன். வீடியோவை நிறுத்தச் சொல்லி, அவர் தோளுக்குப் பின்னாலிருந்து வரும் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்றைக் காட்டி "இது என்னடா?" என்று கேட்டேன்.

"பைப்பும்மா. தண்ணி பைப்பு."

"இந்தாண்ட பெரிய குழாய் ஒண்ணு இருக்குதே?"

"அது தூசியை இழுக்கறது. அங்க எல்லா பெஞ்சுலயும் இருக்கும்."

சொல்லிவிட்டு வீடியோவை மறுபடி ஓடவிட்டாய். மூன்று மாதம் அந்தப் பைப்புக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாய். திரும்பி வந்து முதலாளிக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையில் கல்லின் நிறம், மணி, ஓரம், பெட்டிக்குள் வைக்கும் முறை எல்லாம் இருந்தன. நான் படித்தேன். தண்ணீர் என்ற சொல் அதில் ஒரு இடத்தில்தான் வந்தது. கல்லறைக்கு வருகிற குடும்பங்கள் வாளியும் அகப்பையும் கொண்டுவந்து கல்லின் மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற பழக்கம் பற்றி எழுதியிருந்தாய். ஆகவே தண்ணீர்க் கறை பிடிக்காத கல் வேண்டும் என்று முடித்திருந்தாய். செத்தவர் மேல் நிற்கிற கல்லுக்கு அங்கே தண்ணீர் உண்டு. அதை அரைக்கிற எட்டுப் பேரில் ஒருத்தியான செல்விக்கு இங்கே கிடையாது.

இதில் என் தப்பு முதலில் வருகிறது. அதைச் சொல்லாமல் உன்னைக் கேட்க எனக்கு வாய் இல்லை. நீ ஏழாவது படித்துக்கொண்டிருந்த வருஷம், அனுப்பிய கறுப்புக் கல்லறைக் கற்களில் வெள்ளை பூத்திருக்கிறது என்று ஜப்பானிலிருந்து போட்டோக்கள் வந்தன. எழுத்துப் பள்ளங்களில், மெருகு போடாத பின்பக்கத்தில், சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளை. மெருகுப் பவுடர் சரியில்லை என்றார்கள், ஆசிட் என்றார்கள், பொம்பளைங்க கை வேர்வை என்றுகூட மேஸ்திரி சொன்னார். நான் ஷெட்டின் மூலையில் கிடந்த ஒரு பழைய கல்லிடம் போய் அந்த வெள்ளையை நாக்கால் தொட்டுப் பார்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள். "சார், இது நம்ம போர் தண்ணி. உப்பு" என்று முதலாளியிடம் சொன்னேன். உப்பளத்துக்காரிக்குத் தெரியாத உப்பா என்று அவர் என் தலையைத் தட்டினார். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். என்னை ஃபினிஷிங் பகுதிக்குப் பொறுப்பாக்கினார். மறுநாள் காலை கை பெஞ்சுகளுக்கு வரும் குழாயை மூடினார்.

பெரிய மெஷின்களுக்குப் பக்கத்துப் பிரம்மதேசம் கிராமத்திலிருந்து லாரியில் நல்ல தண்ணீர் வந்தது. கை வேலைக்கு வரவில்லை. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் ஒருமுறை கழுவினாலே உப்பு போய்விடும் என்று சொல்ல எனக்குத் தெரியும். சொல்லவில்லை. புதிதாகக் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். காய்ந்த கல்லில் கீறல் உடனே தெரியும், வேலை வேகமாக நடக்கும், அதற்கான பாராட்டும் எனக்குத்தான் வந்தது. உனக்கு அந்தக் கதையைப் பெருமையாகச் சொன்னேன். உறவில் யார் வந்தாலும் நீயே எடுத்துக் கொடுப்பாய், "அம்மா, கல்லை நக்கின கதையைச் சொல்லு" என்று. இந்த வேலைக்கு இன்டர்வியூ போனபோதும் அதைத்தான் சொன்னாயாம். நான் கதையைப் பாதியில் நிறுத்தி வளர்த்திருக்கிறேன். மீதிப் பாதி உன் அப்பாவின் நெஞ்சில் இருக்கிறது.

அவருடைய பெஞ்ச் எனக்கு இரண்டு பெஞ்ச் தள்ளி. கறுப்புக் கல் இல்லை, வேலிக் கால்களுக்கும் ஓரக் கல்லுக்கும் போகிற சாம்பல் கல். ஒன்பது வருஷம் தண்ணீர் இல்லாமல் அரைத்தார். இருமல் வந்தது. டிபி என்று எட்டு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாதான் முதன்முதலாக என்ன வேலை என்று கேட்டார். கல் வேலை என்றதும், "கறுப்புக் கல்லா, சாம்பல் கல்லா?" என்று கேட்டார். கறுப்புக் கல்லில் குவார்ட்ஸ் கொஞ்சம்தான், சாம்பல் கல்லான கிரானைட்டில் அது நிறைய, கண்ணாடி மாதிரி மின்னுவதும் கல்லுக்குப் பலம் கொடுப்பதும் அதுதான், பொடியாகி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது என்றார். மாத்திரையால் திரும்பாது என்பதையும் சுற்றி வளைக்காமல் சொன்னார். நீ அன்று கூட இருந்தாய். எக்ஸ்ரேயை நீதான் கையில் பிடித்திருந்தாய்.

இந்த வருஷம் உன் நிச்சயதார்த்தத்தில் அப்பா எழுந்து நின்று தட்டு மாற்றவில்லை என்று பெண் வீட்டார் முகம் சுளித்தபோது "அப்பாவுக்கு முழங்கால் வலி" என்று நீ சொன்னாய். நானும் தலையாட்டினேன். அவர் நம் இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டார். அந்தப் பொய்யை நாம் மூன்று பேரும் சேர்ந்துதான் சொன்னோம். கல் கம்பெனியில் பெரிய வேலை பார்க்கும் மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கல்தூசி நோய் என்று சொல்ல நமக்கு வெட்கம். அவருக்கு அந்த நோயைக் கொடுத்தவர்களுக்கு ஒரு வெட்கமும் இல்லை, பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அதற்கு வெகு முன்பு, அவர் முதன்முதலாகப் படுத்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது. பெண்கள் ஒன்றரை நாள் வேலையை நிறுத்தினோம். லாரித் தண்ணீர் கை பெஞ்சுகளுக்கும் வந்தது. இரண்டு வருஷம் வந்தது. அதைத்தான் நீ மூடியிருக்கிறாய்.

அஜிக் கற்கள் சென்னைத் துறைமுகத்திலிருந்து ட்ரெய்லரில் வந்து இறங்கிய அன்று எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்க்கப் போனோம். அங்கே கூலி அதிகம், கல்லை இங்கே அனுப்பி வெட்டி, அரைத்து, கல்லறையாகத் திருப்பி அனுப்புவது சோதனை ஆர்டர் என்று நீ விளக்கினாய். உன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு எனக்கும் சந்தோஷம். இந்த ஆர்டரைக் கொண்டுவந்தவன் என் பிள்ளை என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னேன். அடுத்த நாள் அந்தத் தாள் சுவரில் இருந்தது. ஆறாவது வரியைப் படித்துவிட்டு மரப்பெட்டிகள் அடுக்கியிருக்கும் இடத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனேன். நீ குரலை உயர்த்தவில்லை.

"ஏம்மா, நம்ம ஊரு தண்ணி கல்லைக் கெடுக்கும்னு நீதானே கண்டுபுடிச்ச?"

வீட்டுக்கு வந்து பதிலைத் தேடினேன். நீ கொண்டுவந்த அந்தக் கல்லை எடுத்து, பாத்தியிலிருந்து கெட்டி உப்புத் தண்ணீர் ஒரு வாளி கொண்டுவந்து அதில் போட்டேன். பக்கத்தில் நம் சாம்பல் கல் ஒரு துண்டு. போர் தண்ணீரை விடப் பல மடங்கு உப்பு அது. பத்து நாள் ஊறவிட்டு, எடுத்து, நல்ல தண்ணீரில் ஒரே முறை கழுவி வெயிலில் வைத்தேன். சாம்பல் கல்லின் ஓரத்தில் வெள்ளை கட்டியது. அஜிக் கல்லில் ஒன்றும் இல்லை. திருப்பிப் பார்த்தேன், நாக்கால் தொட்டும் பார்த்தேன். கல்லின் சுவை மட்டும்தான். தண்ணீரைக் குடிக்காத கல் என்று நீ சொன்னது சத்தியம். அந்தக் குணத்துக்காகத்தான் அதை உலகத்திலேயே உயர்ந்த கல் என்கிறாய். அப்படியென்றால் அதற்குத் தண்ணீரைக் கண்டு பயப்பட என்ன இருக்கிறது? லாரித் தண்ணீர்கூட வேண்டாம், போர் தண்ணீரிலேயே அரைத்துக் கடைசியில் ஒருமுறை கழுவலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நீ வீட்டுக்கு வந்தபோது இரண்டு துண்டுகளையும் உன் முன்னால் வைத்தேன். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்துவிட்டு உண்மையிலேயே ஆச்சரியப்பட்டாய். "சூப்பர்மா" என்றாய். பிறகு, இது சாம்பிள், சாம்பிளை வைத்து முடிவெடுக்க முடியாது என்றாய். லாரித் தண்ணீராவது விடு என்றேன். அப்போதுதான் நிஜமான காரணம் வெளியே வந்தது. கல் ஈரமாக இருந்தால் கீறல் தெரியாது, காயும்வரை காத்திருக்க வேண்டும், சனிக்கிழமைக்குள் முடியாது.

"ஒரு வாரம்தாம்மா. ஒரு வாரத்துல யாருக்கும் ஒண்ணும் ஆயிடாது."

உள்ளே கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த உன் அப்பா அதைக் கேட்டார். பேசினால் மூச்சு வீணாகிறது என்று இப்போதெல்லாம் எதை விட்டுவிடலாம் என்று பார்த்துத்தான் பேசுகிறார். நீ போன பிறகு என்னிடம் கேட்டார், "அந்த கல்லு கறுப்பு வகையா, சாம்பல் வகையாடி?"

ஒரு வாரம் என்பது பொய் என்று உனக்கே தெரியும். சோதனை நன்றாக முடிந்தால் மாதா மாதம் கல் வரும் என்று முதலாளி சொல்லிக்கொண்டிருக்கிறார். காய வைத்து அரைத்து, நேரத்துக்கு முடித்து, நீயும் டிக் போட்டால், அதுதான் முறை என்று ஆகிவிடும். பிறகு எந்த மாதத்தில் யார் தண்ணீரைத் திறப்பார்கள்? ரவையைவிடச் சின்ன மணி என்று நீ கொண்டாடுகிற அந்தக் கல்லைக் காயவைத்து அரைத்தால் வரும் பொடி எப்படி இருக்கிறது என்று தெரியுமா? கறுப்புக் கல்லின் பொடி கண்ணுக்குத் தெரியும், மூக்கை அடைக்கும், துப்பினால் கறுப்பாக வரும். இது வெள்ளையாக, முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி, வெளிச்சம் விழும் இடத்தில் மட்டும் மிதக்கிறது. இருமல்கூட வருவதில்லை.

செல்வியை உனக்குத் தெரியும். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை நின்றதும் நம் ஷெட்டுக்கு வருகிறவள். கைக்குழந்தைக்காரி. செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு வேளையில் முகத்தில் கட்டியிருந்த துப்பட்டாவை அவிழ்த்துவிட்டு, புருவம் இமை எல்லாம் வெள்ளையாக என்னிடம் வந்து நின்றாள். "அக்கா, ஒரே நாள்ல செவப்பாயிட்டேன் பாரு. மறுபடியும் பொண்ணு பாக்க வரச் சொல்லு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு குழாயடியில் போய்க் கழுத்தையும் மார்பையும் மூன்று முறை கழுவிவிட்டு, ஆயா கொண்டுவந்த குழந்தைக்குப் பால் கொடுத்தாள். குழந்தை குடித்துக்கொண்டே அவள் காதோரம் ஒட்டியிருந்த வெள்ளையை விரலால் தொட்டது. அவள் அந்தக் கையைப் பிடித்துத் தன் புடவையில் துடைத்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் வருகிறாள். அடுப்பு எரிய வேண்டும் என்பதால் வருகிறவளிடம், அவள் சம்மதத்தோடுதான் அரைக்கிறாள் என்று நீயும் முதலாளியும் சொல்லிக்கொள்ளலாம்.

நான் திங்கட்கிழமையே கிரைண்டரைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கல்லைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டரின் அம்மா என்பதால் மேஸ்திரி சத்தம் போடாமல் என்னைப் பெட்டிக்கு வைக்கோல் திணிக்கும் வேலைக்கு மாற்றினார். என் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்தாள். ஆக, என் கோபம் என்னை மட்டும்தான் காப்பாற்றியிருக்கிறது. புதன்கிழமை அந்தத் தாளைக் கிழித்தேன். மத்தியானம் அதே இடத்தில் இன்னொரு தாள், அதே கையெழுத்தோடு. முதலாளியிடம் போனேன். "உம் பையன் எழுதினதும்மா. அவன் மாத்தச் சொன்னா ஒரு நிமிஷத்துல தொறந்து விடறேன்" என்றார். தப்பித்துக்கொள்ளத்தான் அப்படிச் சொன்னார், தெரியும். ஆனால் எட்டுப் பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

நான் சுலபமான ஒன்றைக் கேட்கவில்லை. தண்ணீர் விட்டால் நாளைக்குள் கல் முடியாது. ஞாயிற்றுக்கிழமை நீ வெறுங்கையோடு போக வேண்டியிருக்கும், அல்லது போகவே முடியாது. இந்த வேலையை நம்பித்தான் அந்தப் பெண்ணைக் கொடுக்கிறார்கள். இன்னும் இரண்டு மாதத்தில் கல்யாணம். வேலை போனால் அப்பாவின் ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு யார் பணம் கட்டுவது என்று நீ கேட்கலாம். கேள். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. பெட்டிக்கு வைக்கோல் திணித்துக்கொண்டே அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இருந்தாலும் கேட்கிறேன். ஒரு கல்லில் தலைமுடி அளவு வெடிப்பு இருந்தால், தண்ணீர் ஊற்றிக் காயவிட்டு, கடைசியாகக் காய்கிற கோட்டைப் பார்த்து அந்தக் கல்லை ஒதுக்குகிற கண் உனக்கு இருக்கிறது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு செல்வியைப் பார்க்காமல் உன்னால் எப்படி அந்தப் பெஞ்சைத் தாண்டிப் போக முடிகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

இன்று காலை மூன்றாவது முறை கூப்பிட்டபோது எடுத்தாய். "அம்மா, சீக்கிரம் சொல்லு, லைன்ல ஆளு இருக்காங்க" என்றாய். நான் கேட்டதைக் கடைசி வரை கேட்டாய், அது எனக்குத் தெரியும், ஏனென்றால் பின்னால் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியின் சத்தம் நிற்கவில்லை. பிறகு வைத்துவிட்டாய். போனில் கேட்டதையே இங்கே திருப்பி எழுதுகிறேன். நாளை ஏழு மணிக்கு ஷெட் திறக்கும். அதற்கு முன்னால் முதலாளியைக் கூப்பிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடச் சொல். காயவைத்து அரைத்த எந்தக் கல்லுக்கும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவரிடம் சொல், ஜப்பானுக்கும் சொல். சொல்லிவிட்டு என்னைக் கூப்பிடு. ஆறு மணியிலிருந்து போனைக் கையில் வைத்திருப்பேன். சொல்லப்போகிறாயா இல்லையா, அதைச் சொல்.